உடல் இல்லாத இறப்பும் குழந்தைகளின் துயரமும்: திருவனந்தபுரம் கடற்கரையிலிருந்து ஒரு வரலாற்றுப் பக்கம்

திருவனந்தபுரத்தின் மனநல வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஊளம்பாறையிலிருந்து தொடங்குவர். திருவிதாங்கூர் மன்னராட்சிக் காலத்தில், 1870இல் அங்கு தோன்றிய மனநல மருத்துவமனையே அவ்வரலாற்றின் மையமாக அமைகிறது. ஆவணங்கள் இருக்கும் இடத்தை வரலாறு நாடிச் செல்வது இயல்பே. ஆயினும் தந்தையை இழந்த ஒரு சிறுவனின் துயரம் நோயாகாது. ஆகவே மருத்துவமனைப் பதிவேட்டில் அதற்கு இடமில்லை. அதற்கான சான்றுகள் நிவாரண ஆணைகளிலும், கல்வி உதவித் திட்டங்களிலும், ஆலயங்களின் நினைவு வழிபாடுகளிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஒன்றுசேர்த்துப் பார்க்கும்போது, குழந்தைகளின் துயரத்தைத் தாங்குவதில் அரசாணைக்கும் சடங்குக்கும் உள்ள பங்கு தெளிவாகிறது. 2017ஆம் ஆண்டின் ஒக்கிப் புயல் அத்தகைய ஒரு தருணம்.

2017 நவம்பர் இறுதியில் குமரிக் கடற்பகுதியில் வலுப்பெற்ற ஒக்கி, திருவனந்தபுரம் மாவட்டத்தின் பூந்துறை, விழிஞ்ஞம், பொழியூர் முதலிய ஊர்களையும், எல்லைக்கு அப்பால் குமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை முதலிய ஊர்களையும் ஒருசேரத் தாக்கியது. இவ்விரு பகுதிகளும் 1956 நவம்பர் 1 வரை ஒரே நிருவாகத்தின் கீழ் இருந்தவை. மாநில எல்லை வகுக்கப்பட்ட பின்னரும் மணவுறவு, தொழில், இலத்தீன் கத்தோலிக்க வழிபாடு ஆகியவற்றால் ஒரே சமூகவெளியாகவே நீடிப்பவை. புயல் எச்சரிக்கை கரையை எட்டுமுன்னரே பலர் கடலுக்குச் சென்றிருந்தனர். கேரளத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். இவர்களுள் பெரும்பாலோரின் உடல்கள் மீட்கப்படவே இல்லை.

கிடைத்த உடல்களும் எளிதில் அடையாளம் காணப்படவில்லை. பல நாள்கள் கடலில் மிதந்து, கேரளக் கரையின் வடபகுதி வரை ஒதுங்கிய உடல்களை முகத்தைக் கொண்டு அறிய இயலவில்லை. மரபணுச் சோதனையே வழியாயிற்று. உறவினரின் மாதிரியோடு பொருந்தும் வரை உடல்கள் பிணவறைகளில் காத்திருந்தன. வீட்டில் குழந்தைகளும் காத்திருந்தனர்.

இக்காத்திருப்பின் தன்மையை உணர, ஆழ்கடல் மீன்பிடிக் குடும்பங்களின் அன்றாடத்தை அறிதல் வேண்டும். தூத்தூர் வட்டாரத்துப் படகுகள் வாரக்கணக்கில் கடலில் தங்குபவை. அக்குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தந்தை இல்லாத வீடு புதிதன்று. அவர் திரும்பிவரும் நாள் தள்ளிப்போவதும் புதிதன்று. எனவே இழப்பு அவர்களிடம் இழப்பாக வந்து சேரவில்லை, ஒரு தாமதமாகவே வந்தது. தாமதம் எந்த நாளில் இறப்பாக மாறுகிறது என்பதைச் சொல்ல எவராலும் முடியவில்லை.

இந்நிலைக்கு அமெரிக்க ஆய்வாளர் பாலின் பாஸ் ‘தெளிவற்ற இழப்பு’ என்று பொருள்படும் பெயரிட்டார். 1970களில், தென்கிழக்காசியப் போரில் காணாமற்போன படைவீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்தபோது அக்கருத்து உருப்பெற்றது. 1999இல் நூலாக விரிந்தது. உடல் இல்லை, சடங்கு இல்லை, பிறர் வந்து ஆறுதல் கூறும் நாள் என்று ஒன்றும் இல்லை. துக்கம் தொடங்குவதற்கே இடமில்லாமல் உறைந்துவிடுகிறது. வளர்ந்தோரையே தடுமாறச் செய்யும் இந்நிலை குழந்தைகளை மேலும் குழப்புகிறது. இறப்பு மீளமுடியாதது என்ற புரிதல் குழந்தைகளிடம் பொதுவாக ஐந்து முதல் ஏழு வயதுக்குள்தான் உருவாகிறது. அதற்கு முற்பட்ட வயதில், தான் அடம்பிடித்ததால்தான் அப்பா வரவில்லை என்று ஒரு குழந்தை நம்பக்கூடும். சற்று மூத்த பிள்ளை, தாயின் கண்ணீருக்கு அஞ்சித் தன் கேள்வியை விழுங்கிக்கொள்ளும்.

சட்டமும் இக்காத்திருப்பை நீட்டிக்கும் வகையில் அமைந்திருந்தது. 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 108ஆம் பிரிவின்படி, ஒருவரைப் பற்றி ஏழாண்டுகள் தகவல் எதுவும் இல்லாதபோதே அவர் இறந்ததாகக் கொள்ள அன்று இயன்றது. ஆறு வயதுச் சிறுமி பதின்மூன்று வயதை எட்டும் காலம் அது. அவள் பள்ளிப்பருவத்தின் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். கேரள அரசு அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. காணாமற்போனோரின் குடும்பங்களுக்கும் இறந்தோரின் குடும்பங்களுக்கு நிகராக 20 லட்சம் ரூபாய் நிவாரணம் வழங்க முடிவுசெய்தது. பிள்ளைகளின் கல்விக்கும் தனியே உதவி அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டு அரசும் 20 லட்சம் ரூபாய் அறிவித்தது.

இம்முடிவைப் பொருளாதார உதவி என்ற அளவில் மட்டும் மதிப்பிடுவது போதாது. மூத்த மகன் படிப்பை நிறுத்திவிட்டுப் படகேறும் கட்டாயத்தை அது தளர்த்தியது. தாய் பிழைப்புக்கு அலையும் நேரத்தில் ஒரு பகுதியையேனும் பிள்ளையின் அருகில் கழிக்க வழிசெய்தது. இரண்டாம் உலகப்போரின்போது இலண்டனில் 1941 முதல் ஹாம்ப்ஸ்டெட் போர்க்காலக் குழந்தையர் இல்லங்களை நடத்திய அன்னா ஃபிராய்டும் டோரதி பர்லிங்ஹாமும், குண்டுவீச்சைவிடக் குடும்பத்தைப் பிரிவதே பல குழந்தைகளை ஆழமாகப் பாதித்ததைக் கண்டனர். எஞ்சியிருக்கும் பெற்றோரை நிலைப்படுத்துவதே குழந்தைக்குச் செய்யும் முதல் உதவி என்ற பாடம் அன்றே தெளிவாகியிருந்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப்பின் இப்பாடம் தமிழகக் கரையிலும் பயன்பட்டது. பெற்றோரை இழந்த குழந்தைகளை அவசரமாகத் தத்துக் கொடுப்பது தடுக்கப்பட்டது. பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனம், ஊர்மக்களிலிருந்தே பணியாளர்களைத் தேர்ந்து உளசமூக ஆதரவுப் பயிற்சி அளித்தது.

ஆயினும் அரசாணை ஒரு சிக்கலையும் உடன்கொண்டு வந்தது. நிவாரணம் பெற வேண்டுமாயின், அவர் இறந்தார் என்பதைக் குடும்பம் ஏற்கவேண்டும். நம்பிக்கையைக் கைவிட்டால்தான் பிள்ளையின் கல்விக்கு வழி பிறக்கும் என்ற நிலையில், கையெழுத்திடும் தாய் கணவனைத் தானே இறந்தவராக அறிவிப்பதாக உணர்வதில் வியப்பில்லை. இலங்கைத் தமிழரிடையே இதே சிக்கல் வேறு வடிவில் எழுந்தது. ஒக்கி வீசிய அதே 2017இல், பிப்ரவரி முதல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தில் அமர்ந்திருந்தனர். இறப்புச் சான்றிதழை அவர்களுள் பலர் ஏற்க மறுத்தனர். 2016இல் இலங்கை நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்திருத்தம், இறப்பை உறுதிசெய்யாமல் ஒருவர் காணப்படவில்லை என்பதை மட்டும் பதிவுசெய்யும் சான்றிதழுக்கு இடமளித்தது. குற்றம் இழைக்கப்பட்ட இடத்தில் ‘இறந்தார்’ என்ற சொல் விசாரணையை முடித்துவைக்கும் சொல்லாகிவிடும் என்பது அவர்களின் அச்சம். கடல் கொண்டுபோன கரையில் அதே சொல் பிழைப்புக்கான வாயிலாக இருந்தது. ஒரே தாள் ஓரிடத்தில் ஆறுதலாகவும் மற்றோரிடத்தில் அநீதியாகவும் அமைவதை இவ்விரு தமிழ்க்கரைகளும் காட்டுகின்றன.

சடங்கின் பக்கமும் கருதத்தக்கது. நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் இக்கரையோரக் குடும்பங்கள் கல்லறைகளைத் தூய்மை செய்து, மலரிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவது வழக்கம். உடல் கிடைக்காதவரின் பிள்ளை அந்நாளில் எங்கே நிற்பது? நினைவுத் திருப்பலியில் பெயர் சொல்லி மன்றாடுவது, கல்லறை இல்லாத அப்பிள்ளைக்கு நிற்க ஓர் இடத்தைத் தருகிறது. தமிழ் மரபுக்கும் இது அயலானதன்று. புறத்திணையில் கையறுநிலை ஒரு துறை; வீழ்ந்தவருக்கு நடுகல் ஓர் அடையாளம். புறநானூற்றின் 112ஆம் பாடல் தந்தையை இழந்த பாரி மகளிர் பாடியதாகவே தொகுக்கப்பட்டுள்ளது. இளையோரின் துயரத்தை அவர்களின் குரலிலேயே கேட்கும் இடத்தை அத்தொகுப்பு அளித்தது. அம்மகளிரின் பொறுப்பைக் கபிலர் ஏற்றதையும் அதே தொகுப்பு பதிவுசெய்கிறது.

நான்காண்டுகளுக்குள் திருவனந்தபுரத்தின் தலைமைச் செயலகம் இதே கேள்வியை மீண்டும் எதிர்கொண்டது. கோவிட் காலத்தில் உடல் இருந்தது. முகம் காணும் வாய்ப்பு இல்லை. மூடிய பொதியாக மருத்துவமனையிலிருந்து நேரே மயானம் சென்ற பெற்றோரைப் பல பிள்ளைகள் இறுதியாகப் பார்க்கவே இல்லை. 2021 மே மாதம், தொற்றால் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு 3 லட்சம் ரூபாய் உடனடி உதவியும், 18 வயது வரை மாதம் 2,000 ரூபாயும், பட்டப்படிப்பு வரையிலான கல்விச்செலவும் கேரள அரசால் அறிவிக்கப்பட்டன. அடுத்த மாத இறுதியில் மற்றொரு முடிவு வந்தது: இறந்தவரின் உடலை ஒரு மணி நேரத்திற்கு மிகாமல் வீட்டில் வைத்து, சடங்குகளைச் சுருக்கமாகச் செய்யலாம். மனநலத் திட்டமாக எவரும் அதைக் குறிப்பிடவில்லை. ஆனால் தாயின் முகத்தை ஒருமுறை கண்டு விடைபெற்ற குழந்தைக்கு அந்த ஒரு மணி நேரம் பல உளவளத்துணை அமர்வுகளுக்கு நிகரானது.

‘மீள்திறன்’ என்ற சொல்லையும் இவ்வரலாறு சற்றுத் திருத்துகிறது. ஒக்கிக்கு ஒன்பது மாதங்களுக்குப் பின், 2018 ஆகஸ்ட் பெருவெள்ளத்தில், திருவனந்தபுரம் கடற்கரை மீனவர்கள் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு வெள்ளம் சூழ்ந்த ஊர்களுக்குச் சென்று மக்களை மீட்டனர். இழந்தவர்களே மீட்பர்களாக மாறிய அக்காட்சி கேரளத்தின் பெருமிதம் ஆயிற்று. அப்பெருமிதம் நியாயமானது. ஆயினும் வீரர் என்று போற்றப்பட்டவரின் வீட்டில், கடலைப் பார்த்தபடி இன்னும் காத்திருக்கும் பிள்ளை இருக்கக்கூடும். சமூகத்தின் மீள்திறனைக் கொண்டாடும் வேகத்தில் அப்பிள்ளையின் துயரம் முடிந்துவிட்டதாகக் கொள்ளலாகாது.

தெளிவற்ற இழப்பில் முற்றுப்புள்ளியைத் தேடுவது பயனற்றது என்பது பாஸின் முடிவு. அப்பா இறந்திருக்கலாம், ஒருவேளை வரவும் கூடும் என்னும் இரண்டையும் ஒருசேரச் சுமந்தபடி வாழப் பழகுவதே இயலக்கூடியது. அரசு தரும் சான்றிதழ் சோற்றுக்கும் படிப்புக்கும் வழிசெய்யும்; நம்பிக்கையைக் கைவிடும்படி அது குழந்தையை வற்புறுத்த வேண்டியதில்லை. பேரிடருக்குப்பின் முதல் வாரங்களில் வரும் ஆற்றுப்படுத்துநர் போய்விடுவார். முதல் கல்லறைத் திருநாளிலும், தந்தையின் கையொப்பம் கேட்கும் பள்ளிப் படிவத்திலும், மகன் முதன்முறை படகேறும் விடியலிலும் துயரம் திரும்ப வரும். அந்நாள்களில் அருகில் இருக்கப்போவோர் ஆசிரியரும் அண்டை வீட்டாரும் பங்குத்தந்தையுமே. குழந்தைகளின் மனநல வரலாறு அவர்களையும் தன் ஆவணமாகக் கொள்ளவேண்டும்.