ரயில் பாலங்களின் டிஜிட்டல் மாதிரி

ஒரு ரயில் பாலத்தின் அடித்தளம், தூண், தாங்கி, கர்டர், தண்டவாளம் என ஒவ்வோர் உறுப்பையும் கணினியில் முப்பரிமாணமாக அமைத்து, அந்தந்த உறுப்பின் ஆய்வுக் குறிப்புகளையும் படங்களையும் பழுதுபார்ப்பு வரலாற்றையும் அதோடு இணைத்து வைப்பது பாலத் தகவல் மாதிரி எனப்படும். வரைபடம் பாலம் கட்டி முடித்த நாளோடு நின்றுவிடும். மாதிரியோ பாலம் நிற்கும்வரை வளர வேண்டியது.

இதன் தேவையை உணரக் கொச்சி நல்ல இடம். மட்டாஞ்சேரிக்கு எதிரே, துறைமுகத்துக்காகத் தோண்டிய மண்ணைக் கொட்டி உருவாக்கிய வில்லிங்டன் தீவுக்கு வெண்டுருத்தி வழியாகப் பாலத்தில்தான் ரயில் வந்தது. நகரின் வடக்கே இடப்பள்ளியையும் வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையத்தையும் இணைக்கும் வேம்பநாடு பாலம் 4.62 கி.மீ. நீளமானது. 2007இல் வேலை தொடங்கி 2010இல் முடிந்தது. 2018இல் அசாமின் போகிபீல் பாலம் திறக்கும்வரை இந்தியாவின் மிக நீளமான ரயில் பாலம் இதுவே. 40 மீட்டர் கண்கள் 99, 20 மீட்டர் கண்கள் 33 என மொத்தம் 132 கண்கள், பைல் அடித்தளத்தின் மேல் நிற்கின்றன.

இந்தப் பாலம் நிற்கும் காயலில் உப்பு உண்டு. ஓதம் ஏறி இறங்கும் உயரத்தில் தூண் நனைந்து காய்ந்து மறுபடி நனைகிறது. கான்கிரீட்டுக்குள் உப்பு ஊடுருவிக் கம்பியைத் துருப்பிடிக்க வைப்பது அங்கேதான் வேகமாக நடக்கும். துரு பருத்து மேலுள்ள கான்கிரீட்டைப் பிளந்த பிறகே கண்ணுக்குத் தெரியும். பைல்களைச் சுற்றி மண் அரிப்பதோ கண்ணுக்குத் தெரியவே தெரியாது. சோனாரோ முக்குளிப்பவரோ வேண்டும்.

இந்திய ரயில்வேயின் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட பாலங்களின் விவரங்கள் பால மேலாண்மை அமைப்பு என்ற இணையவழித் தளத்தில் உள்ளன. ஆண்டுதோறும் மழைக்காலம் முடிந்ததும் உதவிப் பொறியாளர் ஆய்வு செய்து உறுப்புகளுக்கு மதிப்பெண் இடுகிறார்: 1 என்றால் உடனே மாற்றிக் கட்ட வேண்டும், 5 என்றால் நலம். உறுப்புகளுள் மிகக் குறைந்த எண்ணே பாலத்தின் எண்ணாகும். எந்தப் பாலத்தை முதலில் கவனிப்பது என்று தீர்மானிக்க இது சிறந்த முறை. ஆனால் 3 என்ற எண், விரிசல் எந்தத் தூணில், எந்தப் பக்கம், ஓதக்கோட்டுக்கு எவ்வளவு மேலே என்று சொல்லாது. சென்ற ஆண்டைவிட அது நீண்டிருக்கிறதா என்றும் சொல்லாது. மாதிரியின் பயன் இங்கேதான். ட்ரோன் படமும் லேசர் அளவீடும் அதே தூணின் அதே இடத்தில் ஆண்டுக்காண்டு படிந்தால், அடுத்து வரும் பொறியாளர் முந்தையவரின் கையெழுத்தை ஊகிக்க வேண்டியதில்லை.

உணரிகளையும் மாதிரியோடு இணைக்கலாம். 1914இல் திறந்த பாம்பன் பாலத்தின் தூக்குப் பகுதியில் பொருத்தியிருந்த உணரிகள் எச்சரித்ததை அடுத்து, 2022 டிசம்பர் 23 அன்று ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. எனினும் உணரி பொருத்திய இடத்தை மட்டுமே அறியும். படகில் போய்ச் சுத்தியலால் தட்டி ஓசை கேட்கும் ஆய்வாளருக்கு அது ஈடாகாது. மாதிரிக்கு உயிர் கொடுப்பதே அவர் கொண்டுவரும் குறிப்புதான்.

நூற்றாண்டு கண்ட பாலங்களுக்கு மூல வரைபடம் கிடைப்பதே அரிது. அளந்து அளந்துதான் மாதிரி செய்ய வேண்டும். வேம்பநாடு அப்படியல்ல. பைல் பதிவேடுகளும் கட்டுமான வரைபடங்களும் தொலைந்துபோகும் முன்பே அதன் மாதிரியைத் தொடங்கிவிட வேண்டும்.