டயர் அளவுக் குறியீடு

மோட்டார் வாகன டயரின் பக்கச் சுவரில் வார்க்கப்பட்டிருக்கும் எண், எழுத்து வரிசை. டயரின் அகலம், உயரம், உட்கட்டமைப்பு, அது பொருந்தும் ரிம்மின் விட்டம், தாங்கும் எடை, ஓடக்கூடிய வேகம் ஆகியவற்றை இது சொல்கிறது. ஒரு காரின் டயரில் 195/55 ஆர்16 87வி என்று இருந்தால் அகலம் 195 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 55 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 107 மி.மீ. 'ஆர்' ரேடியல் டயரைக் குறிக்கும். ரிம் 16 அங்குலம். 87 என்ற எண்ணுக்கு ஒரு டயர் 545 கிலோ தாங்கும் என்று பொருள். 'வி' என்றால் மணிக்கு 240 கி.மீ. வரை ஓட்டலாம். அகலத்துக்கு மில்லிமீட்டர், ரிம்முக்கு அங்குலம், உயரத்துக்கு விழுக்காடு என ஒரே வரியில் மூன்று அளவைகள் கலந்து கிடப்பதற்குக் காரணம் வரலாறுதான்.

காற்றடைத்த டயரை 1888இல் ஜான் பாய்ட் டன்லப் சைக்கிளுக்குச் செய்தார். 1895இல் மிஷலின் சகோதரர்கள் அதைக் காரில் பூட்டி பாரிஸ்–போர்தோ–பாரிஸ் பந்தயத்தில் ஓட்டினார்கள். தொடக்ககாலக் கார் டயர்களுக்கு வெளிவிட்டமும் அகலமுமே அளவு. ஃபோர்டு மாடல் டி காரின் பின்சக்கர டயர் 30 x 3½ அங்குலம். டயரின் குறுக்குவெட்டு வட்டமானது, உயரமும் அகலமும் சமம் என்பதே எழுதாத விதி. ஆகவே முப்பதிலிருந்து இரண்டு மூன்றரைகளைக் கழித்தால் ரிம் 23 அங்குலம் என்று தெரிந்துவிடும்.

1920களில் அகலமான, குறைந்த காற்றழுத்தம் கொண்ட பலூன் டயர்கள் வந்தன. அவற்றுக்கு அகலத்தையும் ரிம் விட்டத்தையும் நேரடியாக எழுதும் முறை நிலைத்தது: மாடல் டியின் கடைசி ஆண்டுகளில் 4.40-21, அதன்பின் வந்த மாடல் ஏ காரில் 4.50-21. டயர் மாற்றுபவருக்கு முதலில் தெரியவேண்டியது ரிம் அளவு என்பதால் இது நல்ல திருத்தம். நம் அம்பாசடர் காரின் 5.90-15, ஆட்டோவின் 4.00-8 எல்லாம் இந்த வழியில் வந்தவை. லாரி டயரில் காணும் 16 பிஆர் (ப்ளை ரேட்டிங்) போன்ற குறியும் டயரின் உள்ளே பருத்தி நூல் அடுக்குகள் இருந்த காலத்தது. அன்று அது அந்த அடுக்குகளின் எண்ணிக்கையைக் குறித்தது. நைலானும் எஃகும் வந்தபின் குறைந்த அடுக்குகளே அதே வலுவைத் தந்தன. எண் வலுவின் அளவாக மட்டும் தங்கிவிட்டது.

பெரிய திருப்பம் ரேடியல் டயர். 1946இல் காப்புரிமை பெற்று 1949இல் மிஷலின் விற்பனைக்குக் கொண்டுவந்த 'எக்ஸ்' டயரில், அதுவரை குறுக்குமறுக்காகச் சாய்ந்து ஓடிய உள் நூல்கள் விளிம்பிலிருந்து விளிம்புக்கு நேராக ஓடின. பிரெஞ்சு நிறுவனமாதலால் 165-400 என அகலம், ரிம் இரண்டையும் மில்லிமீட்டரில் எழுதியது. மற்றவர்கள் ரேடியல் செய்யத் தொடங்கியபோது கார்கள் அங்குல ரிம்களில் ஓடிக்கொண்டிருந்தன. டயர் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். ரிம்மையும் அதைச் செய்யும் அச்சுகளையும் அப்படி மாற்ற முடியாது. ஆகவே 155 ஆர் 13 என்ற கலப்புக் குறியீடு பிறந்தது. 1970களில் மிஷலின் டிஆர்எக்ஸ் என்ற பெயரில் 390 மி.மீ. ரிம்மைக் கொண்டுவந்து மீண்டும் முயன்றது. தனி ரிம்மும் தனி டயரும் வாங்கவேண்டிய அந்த முறை நிலைக்கவில்லை.

விழுக்காடு சேர்ந்தது டயர் தாழ்ந்தபோது. பழைய ரேடியல்களின் உயரம் அகலத்தில் சுமார் 80 விழுக்காடு என்பதால் யாரும் அதை எழுதவில்லை. 70, 60 என்று குறைந்தபின் எழுதாமல் தீரவில்லை. பிரெல்லியின் பி7 டயர், 1970களின் நடுவில் போர்ஷே 911 டர்போவில் 50 விழுக்காட்டுக்கு இறங்கியது.

வேக எழுத்துகளில் ஒரு முரண் உண்டு. 'டி' 190, 'யு' 200, 'எச்' 210, 'வி' 240 என்ற வரிசையில் 'எச்' இடம் தவறி நிற்கிறது. முதலில் 'எஸ்', 'எச்', 'வி' என மூன்றே எழுத்துகள் இருந்தன. அகரவரிசைப்படி மற்றவற்றைச் சேர்த்தபோது பழகிப்போன 'எச்'சை நகர்த்தவில்லை. அக்காலத்தில் 165 எஸ்ஆர் 13 என எழுத்து அளவின் நடுவில் நின்றது. பின்னர் எடை எண்ணோடு சேர்ந்து கடைசிக்குப் போனது.

அளவோடு சேராவிட்டாலும், பழைய டயர் வாங்குபவர் தவறாமல் பார்க்கவேண்டியது தயாரிப்புத் தேதி. 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். 2000க்கு முன் மூன்று இலக்கங்களே இருந்ததால் எந்தப் பத்தாண்டு என்பது தெளிவாகாது.

இந்தியச் சாலைகளில் இந்த முறைகளில் பல இன்றும் அருகருகே ஓடுகின்றன. 10.00-20 டியூப் டயர் லாரிக்குப் பக்கத்தில் 295/80 ஆர் 22.5 டியூப்லெஸ் லாரி நிற்கும். அரை அங்குலம் தற்செயலன்று: டியூப்லெஸ் ரிம்மில் டயரின் விளிம்பு அமரும் பகுதி 15 பாகை சாய்ந்தது, அரை அங்குல விட்டம் அந்த ரிம்மைத் தனியே அடையாளம் காட்டுகிறது. மோட்டார் சைக்கிளில் 2.75-18க்கு ஈடாக வருவது 80/100-18. உயரமும் அகலமும் சமம் என்று மாடல் டி காலத்தில் எழுதாமல் விட்டதைத்தான் அந்த 100 இப்போது எழுதிக்காட்டுகிறது.