முதியோர் இல்லத்தில் மழலைக் குரல்

மொந்திரியால் நகரத்து எமிலி காமெலின் 1827-இல் கணவரை இழந்தார். அவர் ஈன்ற மூன்று ஆண் மகவுகளும் பச்சிளம் பருவத்திலேயே இறந்தன. பிள்ளையற்ற அக்கைம்பெண் 1830-இல் ஆதரவற்ற மூதாட்டியருக்கு ஒரு புகலிடம் திறந்தார். அப்பணியிலிருந்தே 1843-இல் இறைப்பராமரிப்புச் சகோதரியர் சபை பிறந்தது.

அச்சபையார் 1924-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் புனித வின்சென்ட் பெயரால் முதியோர் இல்லம் ஒன்றை நிறுவினர். இத்தகைய இல்லங்களில் உணவும் மருந்தும் செபமும் கிடைக்கும். குழந்தையின் குரல்தான் கேட்காது. தொழில் யுகம் மாந்தரை வயதுவாரியாகப் பிரித்து வைத்திருந்தது. பிள்ளை பள்ளியில், பெற்றோர் பணியில், பாட்டி விடுதியில். இதனை முன்னேற்றம் என்றே உலகம் எண்ணியது.

தோக்கியோவில் 1976-இலேயே கோத்தோஎன் என்னும் நிறுவனம் முதியோரையும் மழலையரையும் ஒன்றாகக் கொணர்ந்தது. சியாட்டில் இல்லத்துக்குள் 1991-இல் மழலையர் காப்பகம் தொடங்கிற்று. கைக்குழந்தை முதல் ஐந்து வயதினர் வரை அங்கு வருகின்றனர். முதியோரும் மழலையரும் சேர்ந்து பாடுகின்றனர், வரைகின்றனர், கதை கேட்கின்றனர். வீடற்றோருக்கு உணவும் ஆயத்தம் செய்கின்றனர். இக்கடைசிச் செயலே என்னை மிகவும் ஈர்க்கிறது. உதவி பெறுவோர் என்று நாம் ஒதுக்கிய இரு சாராரும் அந்த மேசையருகே உதவி செய்வோர் ஆகின்றனர்.

ஓர் இடர்ப்பாடும் உண்டு. நேற்றுக் கதை சொன்ன பாட்டியின் நாற்காலி நாளை வெறுமையாகலாம். பிள்ளையிடம் என்ன சொல்வது? மறைப்பதைவிட உள்ளதைச் சொல்வதே நன்று என்பேன். மூன்று தலைமுறை ஒரே வீட்டில் வாழ்ந்த காலத்தில், பாட்டனின் இறுதி மூச்சைக் குழந்தைகள் அருகிருந்தே கண்டனர். மறுநாள் முற்றத்தில் விளையாடவும் செய்தனர்.