காயல் துறையின் கணக்கேடு

‘அபர’ என்னும் அறபு வினைச்சொல்லுக்குக் ‘கடந்தான்’ என்பது பொருள். அதனின்றும் பிறந்த ‘மஅபர்’ என்னும் பெயர்ச்சொல் கடந்து செல்லும் இடத்தை, கடவுத்துறையைக் குறிக்கும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் அறபு, பாரசீக ஆசிரியர்கள் பாண்டிய நாட்டுக் கடற்கரையை இப்பெயரிட்டே அழைத்தனர். கொல்லத்திலிருந்து நெல்லூர் வரை நீண்டு கிடந்த அம்மஅபர்க் கரையில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் (1268–1310) காலத்தில் தலைசிறந்து விளங்கிய துறை, தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தில் இருந்த காயல்.

காயலின் பெருமை நம்மவர் மேடைகளிலும் மலர்களிலும் பலகாலும் பேசப்பட்டதுதான். வாணிகக் குடும்பத்தில் பிறந்தவர் எவரும் ஒரு கடையை மதிப்பிட அதன் பெயர்ப்பலகையைப் பார்ப்பதில்லை. ஆண்டுக் கணக்கேட்டையே புரட்டுவர். காயலையும் அவ்வாறே பார்ப்போம்.

அதற்கு வாய்ப்பான சான்று வஸ்ஸாஃபின் வரலாற்று நூல். அவர் பாரசீகத்து ஃபார்ஸ் நாட்டில் வரி நிருவாகத்தில் பணிபுரிந்தவர். ஆகவே அவருடைய நடை எத்துணை அலங்காரமாயினும், எண்கள் வருமிடத்தில் கணக்கரின் கண் விழித்துக்கொள்கிறது. கீஷ் தீவின் அதிபர் ஜமாலுத்தீன் இப்றாஹீம் அத்தீபீ தம் சொந்தக் குதிரைகளில் 1,400ஐ ஆண்டுதோறும் மஅபருக்கு அனுப்புவதென உடன்படிக்கை இருந்தது. அதற்கு மேலும் கத்தீஃப், லஹ்ஸா, பஹ்ரைன், ஹுர்முஸ், கல்ஹாத் முதலிய இடங்களிலிருந்து இயன்ற அளவு குதிரைகளைத் திரட்டி அனுப்புவார். குதிரை ஒன்றின் விலை 220 செம்பொன் தீனார். சொந்தக் குதிரைகளின் வகையில் மட்டும் ஆண்டு வரவு 3,08,000 தீனார் ஆகிறது! அதற்கு முன்னர், ஃபார்ஸின் அத்தாபேக் அபூபக்ர் காலத்தில், மஅபர், கம்பாயத் முதலிய துறைகளுக்கு ஆண்டொன்றுக்கு 10,000 குதிரைகள் சென்றன என்றும், அவற்றின் மதிப்பு 22,00,000 தீனார் என்றும் எழுதுகிறார். பெருக்கிப் பாருங்கள், கணக்கு இசைகிறது. இப்பொன் கோயில் நிலங்களின் வருவாயிலிருந்தும் கோயிலைச் சார்ந்த வரிகளிலிருந்தும் கொடுக்கப்பட்டது என்பதும் அவர் கூற்றே.

ஜமாலுத்தீனின் உடன்பிறந்தார் தகீயுத்தீன் அப்துர் றஹ்மான் பாண்டியரின் அமைச்சராய் இருந்தார். காயல் உள்ளிட்ட துறைகள் அவர் பொறுப்பில் விடப்பட்டன. சீனத்திலிருந்தும் இந்தியாவின் பிற பகுதிகளிலிருந்தும் சரக்கு வந்திறங்கினால், இவ்விரு சகோதரரின் முகவர்கள் தமக்கு வேண்டியதைத் தெரிந்தெடுத்த பின்னரே பிறர் வாங்கலாம். வேற்று நாட்டாரை, வேற்றுச் சமயத்தாரை அமைச்சராக்கி நம்பிய பாண்டியரின் பெருந்தன்மை இதில் தெரிகிறது. முதல் தெரிவு ஒரே குடும்பத்துக்கென்று ஆனபோது, ஏனைய வணிகர் எஞ்சியதற்காகக் காத்து நின்றதும் இதிலேயே தெரிகிறது.

இனிச் செலவுப் பக்கம். ஏறக்குறைய 1292ஆம் ஆண்டளவில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, ஹுர்முஸ், கீஷ், ஏடன் மற்றும் அறபு நாட்டுக் கப்பல்களெல்லாம் காயலில் தங்குவதைப் புகழ்கிறார். அவரே மற்றொன்றும் சொல்கிறார். மன்னர் சகோதரர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகள் வாங்கினாலும், ஆண்டிறுதியில் நூறு கூட எஞ்சுவதில்லையாம். தட்பவெப்பம் ஒவ்வவில்லை, பேணும் முறை அறிந்தாரில்லை. இலாடம் கட்டுவோர் இந்நாட்டுக்கு வராதபடி வணிகர் தடுத்தனர் என்றும், குதிரைகள் மடிவதே அவர்கள் விருப்பம் என்றும் எழுதுகிறார். பயணி சற்று மிகைப்படுத்தியிருக்கலாம். ஆயினும் வஸ்ஸாஃப் கூறும் நிபந்தனையை இதனருகே வைத்துப் பாருங்கள்: குதிரை இறந்துபட்டால் அதன் விலை அரசக் கருவூலத்திலிருந்து தரப்பட வேண்டும்!

விற்ற பொருள் வாங்கியவன் கைக்கு வருமுன் அழிந்தால் நட்டம் விற்றவனுடையது என்பதும், ஊதியத்துக்கு உரியவனே இழப்புக்கும் பொறுப்பாளி என்பதும் மதறஸாவில் ஃபிக்ஹு பயிலும் இளம் மாணவனும் அறிந்தவை. கடலில் இறந்த குதிரைக்கும் விலை உண்டென்றால் அந்த ஊதியத்தை எதில் சேர்ப்பது? நாற்பதாண்டுகளாய் இப்பாடத்தோடு பழகிய எனக்கு, மஅபரின் குதிரைக் கணக்கைப் படிக்கையில் பெருமிதத்தோடு ஒரு நாணமும் எழுவதை மறைப்பதற்கில்லை. முன்னோரை மதிப்பவன் அவர்தம் கணக்கைத் தணிக்கை செய்யவும் கடமைப்பட்டவன்.

காயலின் இன்னொரு வருவாய் முத்து. குளிப்பில் கிடைத்ததில் பத்தில் ஒரு பங்கு மன்னருக்கும், இருபதில் ஒரு பங்கு சுறா முதலியவற்றை மந்திரத்தால் கட்டுவோருக்கும் சென்றதை மார்க்கோ போலோ குறித்துள்ளார். மூச்சடக்கி மூழ்கியவரின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்குள்ள நிலையை எழுதிய பார்போசா, முத்துத் தீர்வையைக் குத்தகை எடுத்த செல்வ முஸ்லிம் ஒருவர் மன்னர்போல் மதிக்கப்பட்டதைக் கூறுகிறார். பின்னர் போர்த்துக்கீசியர் வந்தனர். 1538இல் வேதாளைப் போரில் மரக்காயர் படை தோற்றது. முத்துக்கரையில் அவர்கள் ஆதிக்கம் வேரூன்றியது.

ஆயினும் துறையை மூடியது பீரங்கி மட்டுமன்று. எந்த வணிகரும் ஏட்டில் எழுதாத செலவொன்று நாள்தோறும் ஏறிக்கொண்டே இருந்தது. அதுதான் தாமிரபரணி கொணர்ந்த வண்டல். சங்ககால முத்துத் துறையான கொற்கையைக் கடலிலிருந்து பிரித்ததும் அதுவே. கொற்கை தூரக் காயல் எழுந்தது. காயல் தூரப் புன்னைக்காயலும் பின்னர்த் தூத்துக்குடியும் எழுந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பழையகாயலைச் சுற்றி ஆராய்ந்த கால்டுவெல் பாதிரியார், நிலமெங்கும் சீன, அறபு மட்கலங்களின் உடைந்த ஓடுகள் சிதறிக் கிடக்கக் கண்டார். மார்க்கோ போலோ கண்ட காயல் இதுவே என்பது அவர் துணிபு. காயற்பட்டினத்து அன்பர்கள் அவ்வுரிமையைத் தம்மூருக்கே கோருவர். அவ்வழக்கில் நான் புகவில்லை.

தூத்துக்குடியிலும் இயற்கையான ஆழம் இல்லை. பெருங்கப்பல்கள் தொலைவில் நிற்க, தோணிகளே சரக்கைச் சுமந்தன. கடலினுள் அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பி உருவாக்கிய புதிய துறைமுகம் 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது; 2011இல் வ. உ. சிதம்பரனாரின் பெயரைப் பெற்றது. காயல் வணிகர் கணக்கில் எழுத மறந்த செலவை, துறையின் ஆழத்தைக் காக்கும் செலவை, இன்றைய துறைமுகங்கள் வெளிப்படையாய் எழுதி வைக்கின்றன.

‘மஅபர்’ பிறந்த வேரிலிருந்தே ‘இப்றத்’ என்னும் சொல்லும் பிறந்தது. படிப்பினை என்பது அதன் பொருள். கண்ட காட்சியைக் கடந்து கருத்துக்குச் செல்லுதலே படிப்பினை போலும். பழையகாயலின் வயல் வரப்பில் ஓர் ஓட்டுச்சில்லைக் கையிலெடுப்பவர், அங்கு இறங்கிய பொன்னை மட்டும் நினைத்துத் திரும்பினால் அவர் இன்னும் இக்கரையிலேதான் நிற்கிறார்.