வந்தேனும் வாந்தேனும்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து ரிச்சர்ட்சனில் ஒரு ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு. ஏழு வயதுப் பையன் ஒருவன் தன் நோட்டில் ‘நான் அப்பாவோட வாந்தேன்’ என்று எழுதியிருந்தான். சிவப்புப் பேனாவை எடுத்தவன் சற்று யோசித்தேன். நாம் பள்ளியில் படித்த பகுபத உறுப்பிலக்கணப்படி ‘வந்தேன்’ என்பது வா + த் + த் + ஏன். ‘வா’ குறுகி ‘வ’ ஆனதும், சந்தி ‘த்’ ‘ந்’ ஆனதும் விகாரம். பையன் சந்தியை, இடைநிலையை, விகுதியை எல்லாம் சரியாகவே வைத்திருக்கிறான். பகுதி குறுகும் என்பது மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. இங்கே டேகேரில் வளரும் மூன்று வயதுக் குழந்தைகள் ‘கோ’வுடன் ‘ட்’ சேர்த்து ‘ஐ கோட்’ என்று சொல்வதும் இதே வகைதான். விதியைப் பிடித்துக்கொண்ட பிள்ளைதான் இப்படிப் பிழை செய்ய முடியும்.

அந்த ஆங்கில விதியைப் பார்ப்போம். ஊரில் ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணத்தை வைத்துக்கொண்டு பன்னிரண்டு கட்டம் போட்டு டென்ஸ் மனப்பாடம் செய்தவர்கள் நாம். ஆனால் ஒழுங்கான ஆங்கில வினைக்கு உண்மையில் நான்கே வடிவங்கள்: வாக், வாக்ஸ், வாக்ட், வாக்கிங். எதிர்காலத்துக்கென்று உருபே கிடையாது. ‘வில்’ துணைக்கு வரவேண்டும். மற்றக் கட்டங்களை நிரப்புவதும் ‘ஹேவ்’, ‘பி’ முதலான துணைவினைகளே. தமிழ் ‘நட’வோ காலத்தோடு திணை, பால், எண், இடம் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் தாங்கி நடந்தான், நடந்தாள், நடந்தன என்று விரிகிறது.

இவ்வளவு வேறுபட்ட இரு மொழிகளும் இரண்டு இடங்களில் பக்கத்தில் வந்து நிற்கின்றன. ஒன்று இறந்தகாலம். எழுத்தில் ஒன்றேயான அந்த ஆங்கில விகுதி ஒலியில் மூன்றாகிறது: ‘வாக்’ போன்ற வல்லொலிக்குப் பின் ‘ட்’ அழுத்தமாக வரும், ‘ப்ளே’, ‘கால்’ போன்றவற்றின் பின் மென்மையாக வரும், ‘வான்ட்’ போலச் சொல்லே அந்த ஒலியில் முடிந்தால் ‘இட்’ என்று தனி அசையாக வரும். பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் இறந்தகால இடைநிலைகளை த், ட், ற், இன் என்று நான்காக வகுத்தார். செய்தான், உண்டான், தின்றான் என்று சொல்லிப் பாருங்கள். முன்நிற்கும் எழுத்துக்கேற்ப இடைநிலை மாறுவது காதிலேயே விழும். உறவு ஏதுமில்லாத இரு குடும்ப மொழிகளில் இது தற்செயல்தான் என்றாலும், கற்பிப்பவருக்கு நல்ல கைப்பிடி.

மற்றொன்று ஏவல். ‘நட’ என்ற பகுதியே நமக்கு ஏவல் ஒருமை; ‘வாக்’ என்ற வெற்றுப் பகுதியே அவர்களுக்கும் ஏவல். ‘அவன் நடக்கட்டும் என்று கேட்கிறேன்’ என்ற பொருளில் வரும் சப்ஜங்க்டிவிலும் ‘ஹீ’க்குப் பின் வழக்கமாக வரும் ‘ஸ்’ உதிர்ந்து பகுதியே நிற்கும்.

இனி, புதிதாக வரும் சொற்களின் கதை. இந்த ஊர் டெலிகாம் காரிடார் என்று பெயர் வாங்கிய ஊர். தொலைபேசி வழியே வந்த ‘டெக்ஸ்ட்’ என்ற பெயர்ச்சொல் வினையானபோது இறந்தகாலம் என்ன என்று யாரும் கேட்கவில்லை, ‘டெக்ஸ்டட்’ ஆயிற்று. 2006இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் வினையாக ஏறிய ‘கூகுள்’ உம் அப்படியே ‘கூகுள்ட்’ ஆனது. 1958இல் ஜீன் பெர்க்கோ என்ற ஆய்வாளர், இல்லாத ‘ரிக்’ என்ற வினையைச் சிறு குழந்தைகளிடம் சொல்லி, நேற்று அவன் என்ன செய்தான் என்று கேட்டார். பெரும்பாலோர் தயங்காமல் ‘ரிக்ட்’ என்றார்கள்.

தமிழில் அந்த வேலையைச் செய்வது ‘பண்ணு’. ‘ட்ரைவ் பண்ணினேன்’, ‘டெக்ஸ்ட் பண்ணுவேன்’ என்று நம் வீடுகளில் பேசும்போது ஆங்கில வினை தன் ‘ட்’டையும் ‘ஸ்’ஸையும் வாசலில் கழற்றி வைத்துவிட்டுப் பகுதியாகவே உள்ளே வருகிறது. காலமும் இடமும் ‘பண்ணு’வின் பொறுப்பு. ‘காரை ஸ்டார்ட் பண்ணினேன்’, ‘கார் ஸ்டார்ட் ஆகலை’ என்ற இரண்டையும் பாருங்கள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘ஸ்டார்ட்’. செயப்படுபொருள் குன்றிய வினை, குன்றாத வினை என்ற நம் பாகுபாட்டை வந்த சொல்லின் மேலும் ஏற்றிவிடுகிறோம். தமிழ் கெட்டுவிட்டது என்று அலுத்துக்கொள்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும். கடன் வாங்கியது சொல்லை, இலக்கணம் நம்முடையதே.

அப்படியானால் கவலை எதற்கு? பழஞ்சொற்களுக்காக. பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கற்று இருந்த 177 வினைகளைத் தொடர்ந்து பார்த்த ஆய்வு ஒன்று 2007இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. அவற்றுள் இன்றும் அப்படியே இருப்பவை 98. ‘ஹெல்ப்’ இன் பழைய இறந்தகாலமான ‘ஹோல்ப்’ வழக்கொழிந்து ‘ஹெல்ப்ட்’ வந்தது. அன்றாடம் நாவில் புழங்கும் ‘வெண்ட்’ போன்றவை தப்பின. அடிக்கடி புழங்கும் வினை நெடுங்காலம் தாக்குப்பிடிக்கும். புழக்கம் குறைந்தது விதிக்குள் அடங்கிவிடும் என்பதே அந்த ஆய்வின் முடிவு.

வா, தா, போ, சா, காண் ஆகியவை நம் ‘வெண்ட்’கள். வாரத்துக்கு இரண்டு மணி நேர வகுப்பில் அட்டவணை எழுதிப்போட்டு இவற்றைக் காப்பாற்ற முடியாது. அன்று நான் பையனின் ‘வாந்தேன்’ஐ அடிக்கவில்லை, பக்கத்தில் ‘வந்தேன்’ என்று எழுதிக் கொடுத்தேன். மீதி வீட்டில் நடக்க வேண்டும். பெற்றோரே, பிள்ளை ஸ்கூல் பஸ்ஸிலிருந்து இறங்கி உள்ளே நுழைந்ததும் ‘எப்போ வந்தே, யார் கொண்டு வந்து விட்டாங்க, என்ன தந்தாங்க’ என்று தமிழில் கேளுங்கள். ஒரு நாளைக்கு இந்த மூன்று கேள்வி போதும்.