வாடகையே தகுதி: பிரிட்டனில் பை-டு-லெட் கடன் கணக்கின் வரலாறு

குடியிருக்க வீடு வாங்குபவரிடம் பிரிட்டிஷ் வங்கி சம்பளச் சீட்டைக் கேட்கிறது. வாடகைக்கு விடுவதற்கென்றே வீடு வாங்குபவரிடம் முதலில் கேட்பது, அந்த வீட்டுக்கு எவ்வளவு வாடகை வரும் என்பதை. ஆண்டு வாடகை ஆண்டு வட்டியில் எத்தனை சதவீதம் என்ற கணக்குக்கு வட்டிக் காப்பு விகிதம் என்று பெயர். பை-டு-லெட் எனப்படும் இவ்வகைக் கடனின் தொகையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த விகிதமே. ஆளை ஒதுக்கிவிட்டு வீட்டை மட்டும் அளப்பதாகத் தொடங்கிய இந்தக் கணக்கு, இருபதே ஆண்டுகளில் கடன் வாங்குபவரின் வரி நிலை, மற்ற வீடுகள், சொந்தச் சம்பளம் என எல்லாவற்றையும் திரும்ப விசாரிக்கும் இடத்துக்கு வந்துவிட்டது.

வாடகையை நம்பிக் கடன் கொடுக்க 1980களின் இறுதிவரை எந்த வங்கிக்கும் காரணம் இருக்கவில்லை. முதல் உலகப் போரின்போது கிளாஸ்கோ நகரில் நடந்த வாடகை மறுப்புப் போராட்டத்தை அடுத்து, 1915ஆம் ஆண்டுச் சட்டம் வாடகையையும் வீட்டு அடமான வட்டியையும் சேர்த்தே கட்டுப்படுத்தியது. 1957இல் கட்டுப்பாடு ஓரளவு தளர்த்தப்பட்டது. 1965ஆம் ஆண்டுச் சட்டம் நியாய வாடகை என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்து, தொகையைக் குறிக்கும் பொறுப்பை வாடகை அலுவலரிடம் ஒப்படைத்தது. 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், வாடகைதாரர் இறந்த பிறகும் அவர் குடும்பத்தார் அதே உரிமையோடு வீட்டில் தொடர முடிந்தது. குடியிருப்பவர்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. கடன் கொடுத்தவருக்கோ, ஆள் குடியிருக்கும் வீட்டை ஏலத்தில் விற்றால் காலி வீட்டின் விலை கிடைக்காது. அதனாலேயே, வங்கியின் ஒப்புதல் இல்லாமல் வீட்டை வாடகைக்கு விடக்கூடாது என்ற நிபந்தனை அடமானப் பத்திரங்களில் வழக்கமாக இடம்பெற்றது. முதல் உலகப் போருக்கு முன் பெரும்பாலான குடும்பங்கள் தனியார் வாடகை வீடுகளில்தான் வாழ்ந்தன. 1980களின் இறுதியில் அவற்றின் பங்கு பத்தில் ஒன்று என்ற அளவுக்குச் சுருங்கியிருந்தது.

மார்கரெட் தாட்சர் அரசின் 1988ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டம் 1989 ஜனவரி 15 முதல் இந்த நிலையை மாற்றியது. புதிய குடித்தனங்களுக்கு வாடகை சந்தை விலையில் நிர்ணயமாகலாம் என்றானது. குறுகிய கால உறுதிக் குடித்தனம் என்ற ஏற்பாட்டின்படி, ஒப்பந்தக் காலம் முடிந்ததும் காரணம் எதுவும் காட்டாமல், 21ஆம் பிரிவின் கீழ் 2 மாத அறிவிப்புக் கொடுத்து வீட்டைத் திரும்பப் பெற முடிந்தது. அடமானம் வைத்திருக்கும் வங்கி வீட்டை விற்க வேண்டி வந்தால் காலி செய்யக் கோருவதற்கும் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் தனிக் காரணம் ஒன்று சேர்க்கப்பட்டது. வாடகைக்குச் சந்தை விலை, விற்க நேர்ந்தால் காலி வீடு என்ற இரண்டும் கைக்கு வந்த பிறகே வாடகை கடனுக்கு ஆதாரமாகக் கூடிய பொருளாயிற்று.

ஆனால் வட்டி வழிவிடவில்லை. 1989 அக்டோபர் முதல் ஓராண்டுக்கு அடிப்படை வட்டி ஏறத்தாழ 15 சதவீதத்தில் நின்றது. அந்த வட்டியை ஈடுகட்டும் வாடகை எந்தத் தெருவிலும் இல்லை. 1996 செப்டம்பரில் அது 6 சதவீதத்துக்குக் கீழே வந்திருந்தபோது, குடியிருப்பு வாடகை முகவர்களின் சங்கமான ஆர்லா, சில கடன் நிறுவனங்களோடு சேர்ந்து பை-டு-லெட் திட்டத்தை அறிவித்தது. அதுவரை சிறு முதலீட்டாளருக்குக் கிடைத்தது வணிகக் கடன்தான். அதன் வட்டி கூடுதல், எதிர்பார்க்கும் வாடகைக்கு அங்கே மதிப்பும் குறைவு. புதிய திட்டத்தில் வட்டி குடியிருப்புக் கடனுக்கு அருகில் வந்தது. வாடகை தகுதிக் கணக்கில் ஏறியது. வாடகை வட்டியில் 125 முதல் 130 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விரைவில் வழக்கமானது.

அந்த 25 சதவீத உபரி எதற்காக என்பது முக்கியம். வீடு காலியாகக் கிடக்கும் மாதங்கள், கொதிகலன் பழுது, முகவருக்கான தரகு, காப்பீடு எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த மெத்தை அது. அசல் இந்தக் கணக்கில் இல்லவே இல்லை. பெரும்பாலான கடன்கள் வட்டி மட்டும் கட்டும் வகையைச் சேர்ந்தவை. வீட்டை விற்றுத்தான் அசல் அடையும் என்று இரு தரப்பும் எடுத்துக்கொண்டன.

மாதம் 900 பவுண்டு வாடகை வரும் ஒரு வீட்டை எடுத்துக்கொண்டால் இந்த விகிதத்தின் வலிமை விளங்கும். ஆண்டு வாடகை 10,800 பவுண்டு. வட்டி 5 சதவீதம், காப்பு 125 சதவீதம் என்றால் கிடைக்கக்கூடிய கடன் 1,72,800 பவுண்டு. காப்பை 100 சதவீதமாகக் குறைத்தால் அதே வாடகை 2,16,000 பவுண்டைத் தாங்குவதாகக் கணக்கு காட்டும். வாடகை ஒரு பவுண்டுகூட ஏறாமல் கடன் 43,200 பவுண்டு கூடிவிடுகிறது. 2007க்கு முந்தைய போட்டியில் நடந்தது இதுதான். வீட்டு விலை வாடகையைவிட வேகமாக ஏறியதால் பழைய விகிதத்தில் கடன் போதவில்லை. வாடகையை உயர்த்த முடியாத நிறுவனங்கள் விகிதத்தைத் தளர்த்தின. 1998இன் இறுதியில் 28,700 ஆக இருந்த பை-டு-லெட் கடன்களின் எண்ணிக்கை 2007இன் இறுதியில் 10 லட்சத்தைத் தாண்டியது. நிலுவைத் தொகை சுமார் 200 கோடி பவுண்டிலிருந்து சுமார் 12,000 கோடி பவுண்டாகப் பெருகியது.

கணக்கில் இன்னொரு பலவீனமும் இருந்தது. வாடகை என்று எழுதப்பட்ட எண் பல நேரங்களில் யாரும் கட்டிய வாடகை அன்று, மதிப்பீட்டாளரின் ஊகம். லீட்ஸ், மான்செஸ்டர் போன்ற நகரங்களின் மையப் பகுதியில் ஒரே நேரத்தில் ஏராளமான புதிய அடுக்குமாடி வீடுகள் வாடகைக்கு வந்தபோது, அந்த ஊகங்கள் பலவும் பொய்த்தன.

2008இல் பணச் சந்தை உறைந்ததும் இத்துறை நிலைகுலைந்தது. கடன்களைப் பத்திரங்களாக மாற்றி விற்றே பணம் திரட்டி வந்த பாராகன், புதுக் கடனை நிறுத்தி, 2010இல்தான் மீண்டும் தொடங்கியது. பை-டு-லெட் கடனில் ஆழமாக இறங்கியிருந்த பிராட்ஃபோர்டு அண்ட் பிங்லி வங்கி 2008 செப்டம்பரில் அரசுடைமையாயிற்று. வீட்டு உரிமையாளர்களில் பெரும்பாலோர் தப்பியது தகுதிக் கணக்கின் நேர்த்தியால் அன்று. 2008 அக்டோபர் தொடக்கத்தில் 5 சதவீதமாக இருந்த அடிப்படை வட்டி 2009 மார்ச்சில் 0.5 சதவீதமாக விழுந்தது. அடிப்படை வட்டியைத் தொடரும் கடன் வைத்திருந்தவர்களுக்கு மெத்தை தானாகவே தடித்தது. தவணை தவறிய வீடுகளில் வங்கிகள் 1925ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டத்தின்படி வாடகை வசூலிப்பாளர் ஒருவரை அமர்த்தி, வாடகையை நேரே தங்களுக்குத் திருப்பிக்கொள்ளவும் முடிந்தது. குடியிருப்பவரைக் கிளப்பாமலே கடன் வசூலாகும் இந்த வழி, வாடகையை ஆதாரமாகக் கொண்ட கடனுக்கே உரிய வசதி.

அடுத்த திருப்பம் வரிச்சட்டத்தால் வந்தது. நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் 2015 ஜூலையில் அறிவித்து, 2017 ஏப்ரல் முதல் 2020 ஏப்ரல் வரை படிப்படியாக நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, தனிநபர் தம் வாடகை வருமானத்திலிருந்து வட்டியைக் கழிக்க முடியாது. வட்டியில் 20 சதவீதம் மட்டும் வரிச் சலுகையாகக் கிடைக்கும். முன்சொன்ன வீட்டின் மேல் 5 சதவீத வட்டியில் 1,50,000 பவுண்டு கடன் இருப்பதாகக் கொண்டால் ஆண்டு வட்டி 7,500 பவுண்டு. பிற செலவுகளை விட்டுவிட்டால், 40 சதவீத வரி கட்டுபவருக்குப் பழைய முறையில் 3,300 பவுண்டு லாபத்துக்கு 1,320 பவுண்டு வரி. கையில் 1,980 மிஞ்சும். புதிய முறையில் முழு வாடகைக்கும் 4,320 பவுண்டு வரி வந்து, அதில் 1,500 கழியும். 2,820 பவுண்டு வரி போக மிஞ்சுவது 480 பவுண்டு. இத்தகையவருக்கு வாடகை வட்டியில் 133 சதவீதத்துக்குக் கீழே இறங்கினாலே வரிக்குப் பின் நட்டம். 125 சதவீதம் என்ற பழைய எண் அவரைப் பொறுத்தவரை பொருளிழந்தது.

இங்கிலாந்து வங்கியின் விவேக ஒழுங்குமுறை ஆணையம் 2016 செப்டம்பரில் வெளியிட்ட விதிகள் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டன. 2017 ஜனவரி முதல் செலவுகளையும் வரியையும் சேர்த்தே தகுதியைப் பார்க்க வேண்டும். வட்டி 2 சதவீதப் புள்ளிகள் ஏறினாலும், குறைந்தது 5.5 சதவீதம் ஆனாலும் வாடகை தாங்குமா என்று சோதிக்க வேண்டும். 5 ஆண்டோ அதற்கு மேலோ வட்டி நிலையாக உள்ள கடனுக்கு இச்சோதனையிலிருந்து விலக்கு. அடமானத்தில் 4 அல்லது அதற்கு மேற்பட்ட வாடகை வீடுகள் வைத்திருப்பவரின் எல்லா வீடுகளையும் சேர்த்து ஆராயும் விதி அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில் வந்தது. உயர் வரி கட்டுவோருக்குப் பல நிறுவனங்கள் 145 சதவீதம் கேட்கத் தொடங்கின. 5.5 சதவீத வட்டியில் அதே 900 பவுண்டு வாடகை இப்போது தாங்கியது சுமார் 1,35,400 பவுண்டு மட்டுமே.

இதற்கு முதலீட்டாளர்கள் கண்ட வழிகள் விதிகளிலேயே இருந்தன. வட்டியை முழுதாகக் கழிக்கும் உரிமை கம்பெனிகளிடம் தொடர்ந்ததால் புதிய வாங்குதல்கள் கம்பெனிப் பெயருக்கு நகர்ந்தன; அங்கே 125 சதவீதமே போதும். அப்போதும் வங்கிகள் இயக்குநரின் தனிப்பட்ட உத்தரவாதத்தைக் கேட்டன. 5 ஆண்டு நிலைவட்டிக் கடனுக்குத் தேவை கூடியது. 2021 டிசம்பர் தொடக்கத்தில் 0.1 சதவீதமாக இருந்த அடிப்படை வட்டி 2023 ஆகஸ்டில் 5.25 சதவீதமானபோது இந்த வழிகளும் குறுகின. சோதனை வட்டி 8 சதவீதம், காப்பு 145 சதவீதம் என்றால் 900 பவுண்டு வாடகைக்கு 93,100 பவுண்டு அளவில்தான் கடன். சில நிறுவனங்கள் வட்டியைக் குறைத்துக் காட்டி, வித்தியாசத்தை முன்கட்டணமாக வாங்கிக்கொண்டன. விகிதம் தேறியது, செலவு குறையவில்லை. வேறு சில, வாடகையில் விழும் துண்டைக் கடன் வாங்குபவரின் சம்பளத்தால் நிரப்ப அனுமதித்தன.

2025 அக்டோபரில் ஒப்புதல் பெற்ற வாடகைதாரர் உரிமைச் சட்டம் 1988இன் அடித்தளத்தையே மாற்றுகிறது. இங்கிலாந்தில் 21ஆம் பிரிவு நீங்குகிறது. வீட்டைத் திரும்பப் பெறச் சட்டம் ஏற்கும் காரணம் தேவை. விற்பனைக்காகக் காலி செய்யக் கோரும் உரிமை வங்கிக்குத் தொடர்கிறது. வாடகையை ஆண்டுக்கு ஒரு முறைதான் உயர்த்தலாம். அதை எதிர்த்து வாடகைதாரர் தீர்ப்பாயம் செல்லலாம், தீர்ப்பாயம் உரிமையாளர் கேட்டதற்கு மேல் நிர்ணயிக்காது. வருங்கால வாடகை உயர்வை எண்ணிக் கடன் தகுதியைக் கணிக்கும் நிறுவனம் இனி அந்தத் தீர்ப்பாயத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும்.