எண்ணெய்க் கசிவு (ஜாகுவார் எக்ஸ்கே எஞ்சின்)

1951 முதல் 1957 வரை லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஐந்து முறை வென்ற ஜாகுவார் கார்களின் ஆறு சிலிண்டர் எஞ்சினில் காணப்படும் பிடிவாதமான கோளாறு. தொடக்ககால எக்ஸ்கே எஞ்சின்களில் கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் உரசும் சீல் கிடையாது; தண்டில் வெட்டிய திருகுப்புரியே சுழலும்போது எண்ணெயை உள்ளே திருப்பித் தள்ளும். பிஸ்டன் ரிங் தேய்ந்தாலோ பிரீதர் (எஞ்சினின் காற்றுப்போக்கி) அடைத்தாலோ உள்ளழுத்தம் ஏறி, எண்ணெய் புரியை மீறிக் கிளட்ச் உறை வழியே சொட்டும். ஆகவே எஞ்சினைப் பிரிக்கும் முன் பிரீதரைப் பார்ப்பதே அறிவு. ஓட்டத்தில் காற்று எண்ணெயைப் பின்னுக்கு அடித்துச் செல்வதால், சொட்டும் இடமே கசியும் இடம் என நம்பக் கூடாது. எஞ்சினின் மேலுள்ள கேம் கவரில் கசிந்ததும் கிளட்ச் உறைக்கே வந்து சேரும். எஞ்சினைக் கழுவி உலர்த்தி, டால்கம் பவுடர் தூவி ஓட்டினால் முதலில் நனையும் தடம் மூலத்தைக் காட்டும். எண்ணெயில் ஒளிரும் சாயம் கலந்து புற ஊதா விளக்கில் தேடுவது இன்னும் துல்லியம். ஈரம் தெரியும் இடங்களில் மிக உயரமானதிலிருந்து தேடலைத் தொடங்க வேண்டும்.